முருகேசனுக்கு, நான்கு மில்லிமீட்டர் குறித்து

மெல்பர்ன்
ஜூன் 14

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தள்ளிப்போனதற்குச் சோம்பல் பாதி, வெட்கம் பாதி. வெட்கம் எதற்கு என்பது போகப்போகத் தெரியும். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து, கைத்தடி இல்லாமல் கோவை கணபதிக்குப் போய்ப் பட்டறையைத் திறக்கிறாய் என்று படித்து மகிழ்ந்தேன். லேத் முன்னால் நாளெல்லாம் நிற்காதே, ஒரு ஸ்டூல் போட்டுக்கொள். கேட்கமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மகள் வேலை கிடைத்து சிட்னிக்குப் போய்விட்டாள். வீட்டில் இப்போது நானும் என் மனைவியும் அந்தச் சிவப்புக் காரும்தான்.

உன் மகன் தன் ஸ்விஃப்டுக்குத் தடிமனான பின்பக்க ஸ்டெபிலைசர் பார், அதாவது திருப்பத்தில் வண்டி சாயாமல் இடவலச் சக்கரங்களை இணைத்துப் பிடிக்கும் கம்பி, போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வியைப் போன வருடம் கேட்டிருந்தால் "தாராளமாகப் போடட்டும்" என்று ஒரே வரியில் எழுதியிருப்பேன். நடுவில் நான் பட்டது கொஞ்சம் இருக்கிறது.

என்னிடம் இருப்பது 1991ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5. 1600 சிசி எஞ்சின், இரண்டே இருக்கை, எடை 1000 கிலோவுக்குள். எஞ்சின் முன்னால், ஓட்டம் பின்சக்கரத்துக்கு. அந்தச் சின்ன வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் இரட்டை விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலும் கீழும் இரு கைகளால் பிடிக்கும் சஸ்பென்ஷன், கொடுத்திருக்கிறார்கள். சாண்டவுன் பந்தயத் தளத்தில் பணம் கட்டினால் நம்மைப் போன்றவர்களும் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாட்கள் உண்டு. அப்படி ஒரு நாளில் கவனித்தேன், திருப்பத்தில் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு உள்ளே வராமல் வெளியே தள்ளிக்கொண்டே போனது. அண்டர்ஸ்டியர். அங்கே வந்தவர்கள் எல்லோரும் கையோடு வைத்திருந்த மருந்து ஒன்றுதான்: பின்பக்கம் தடிமனான ஸ்வே பார். நாம் ஸ்டெபிலைசர் பார் என்பதை இங்கே அப்படிச் சொல்கிறார்கள், இங்கிலாந்துக்காரர்களுக்கு அது ஆன்டி-ரோல் பார். 1919இல் ஸ்டீபன் கோல்மன் என்ற கனடாக்காரர் காப்புரிமை வாங்கிய பொருள். நூறு வருடம் கடந்தும் அது அதே வளைந்த கம்பிதான்.

வாங்கினேன். கொட்டகையில் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பழைய கம்பியைக் கழற்றினேன். ரப்பர் புஷ் வறண்டு, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. கம்பியை வெர்னியரில் அளந்தேன்: 12 மில்லிமீட்டர், ஏறக்குறைய என் சுண்டு விரல். புதியது 16. கையில் இரண்டையும் பிடித்துப் பார்த்து, இந்த நாலு மில்லிமீட்டருக்கா இவ்வளவு விலை என்று நினைத்தேன். நீ இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பாய். முறுக்குவிறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும் என்று நாம் கல்லூரியில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறோம். 16ஐ 12ஆல் வகுத்து நான்கு முறை பெருக்கிப் பார். மூன்று மடங்குக்கும் மேல். போதாததற்கு அதன் கையில், அதாவது கம்பியின் வளைந்த முனையில், மூன்று துளைகள் இருந்தன. கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க்கை உள்பக்கத் துளையில் மாட்டினால் கை குட்டையாகும், விறைப்பு இன்னும் கூடும். நான் மாட்டியது உள்பக்கத் துளையில்தான். காசு கொடுத்தாயிற்றே!

அதோடு இன்னொரு தவறு. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே லிங்க்குகளை முறுக்கிவிட்டேன். வண்டியை இறக்கியபோது ஒரு பக்க லிங்க் மற்றதைவிட ஒரு சுற்று நீளம். சாலை தொடுமுன்பே கம்பி முறுகி நின்றது. இடப்பக்கம் திரும்பினால் ஒரு குணம், வலப்பக்கம் திரும்பினால் வேறு குணம். இதைச் சரிசெய்ய வண்டி தன் காலில் நிற்கவேண்டும், ஓட்டுநர் இருக்கையில் ஓட்டுநரின் எடையும் இருக்கவேண்டும். என் எடை 80 கிலோ. நானே இருக்கையிலும் வண்டிக்கு அடியிலும் இருக்க முடியாது. வீட்டில் 20 கிலோ அரிசி மூட்டை இரண்டு இருந்தன, பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்திடம் இரண்டு கடன் வாங்கினேன். மூட்டைகளுக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டு நான் அடியில் படுத்திருந்த கோலத்தைப் பார்த்து மனைவி சொன்னாள்: "உங்களைவிட அது ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது."

காய்ந்த சாலையில் இரண்டு வாரம் சொர்க்கம். வண்டி சாயவே இல்லை, மூக்கு நினைத்த இடத்துக்கு வந்தது. உனக்குப் போன் செய்து பீற்றிக்கொண்டது அப்போதுதான். நீ கேட்டது ஒன்றே ஒன்று: "முதலில் டயரைப் பார்த்தாயா?" நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

பிறகு மழை வந்தது. வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு ரவுண்டானா. மணிக்கு 35 கிலோமீட்டர்கூட இருக்காது. திரும்பும்போதே லேசாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். வால் போய்விட்டது. எதிர்த்திசையில் ஸ்டியரிங்கை ஒடிப்பதற்குள் வண்டி முழுச்சுற்றில் பாதி சுற்றி, வந்த வழியையே பார்த்து நின்றது. பின்னால் வந்த பஸ்ஸின் ஓட்டுநரும் நானும் முகத்துக்கு முகம். அவர் ஹாரன்கூட அடிக்கவில்லை. ஒரு கையை மெல்ல உயர்த்தினார், அவ்வளவுதான். மோதாமல் தப்பினேன். வெட்கம் என்றேனே, இதுதான்.

அன்றிரவு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். நான் பிடித்துவைத்திருந்த எண்ணமே கோணல். சாய்வு குறைந்தால் பிடிப்பு கூடும் என்று நம்பியிருந்தேன். திருப்பத்தில் உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்குப் போகும் மொத்தப் பாரம் எடை மையத்தின் உயரத்தையும், இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தையும், நாம் போகும் வேகத்தையும் பொறுத்தது. கம்பி அதில் ஒன்றும் குறைப்பதில்லை. முன் ஜோடி எவ்வளவு தாங்குவது, பின் ஜோடி எவ்வளவு தாங்குவது என்ற பங்கைத்தான் அது மாற்றுகிறது. கல்யாண வீட்டில் சாம்பார் அண்டாவை நால்வர் தூக்கிப் போவார்களே, யார் முதுகை விறைத்து நிமிர்கிறானோ அவன் பக்கம்தானே கனம் ஏறும்? நான் விறைக்க வைத்தது பின்பக்கத்தை. இங்கே டயரின் குணமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு டயர் மேல் இரண்டு மடங்கு பாரம் வைத்தால் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை, அதற்குக் குறைவாகத்தான் கிடைக்கும். அதனால் எந்த ஜோடியில் ஒரு டயர் அதிகமாகவும் மற்றது குறைவாகவும் தாங்குகிறதோ அந்த ஜோடி மொத்தத்தில் நஷ்டப்படும். முன்பக்கம் தள்ளியது நின்றதற்குக் காரணம் முன்பக்கம் கொஞ்சம் பலம் பெற்றது மட்டுமல்ல. பின்பக்கத்தை நான் பலவீனமாக்கியதும்தான். எஞ்சின் சக்தியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியலில் உள் பின்சக்கரம் லேசானால் ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் அது வீணாகச் சுழலும், அந்தக் கதையை விடு.

மறுநாள் காலையில் நீ சொன்ன டயரைப் பார்த்தேன். பக்கச் சுவரில் வாரமும் வருடமும் நான்கு எண்ணாகப் பொறித்திருக்குமே, அதைத் துடைத்துப் படித்தேன். பின் டயர்களுக்கு வயது இரண்டு. முன் டயர்களுக்குப் பன்னிரண்டு! பட்டன் ஆழம் நன்றாக இருந்தது, ரப்பர் மட்டும் கல்லாகியிருந்தது. தள்ளியதற்குக் காரணம் அங்கே உட்கார்ந்திருக்க, நான் போய்ப் பின்பக்கத்தைக் கெடுத்திருக்கிறேன்.

நான்கு டயரும் புதிதாகப் போட்டேன், பழைய 12 மில்லிமீட்டர் கம்பி திரும்பி வந்தது. தள்ளல் பெரும்பாலும் போய்விட்டது. சாய்வு மட்டும் கொஞ்சம் குறையட்டும் என்று பிற்பாடு முன்னால் 19க்குப் பதில் 22, பின்னால் 12க்குப் பதில் 14 போட்டேன். கணக்குப் போட்டுப் பார், இரண்டுமே ஏறக்குறைய 1.8 மடங்கு. ஆனால் முன்கம்பி முதலிலிருந்தே பெரியது, ஒரே மடங்கு கூட்டினாலும் முன்பக்கம்தான் அதிகம் இறுகும். அந்தச் சிறு தள்ளலை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன். மழையில் மூக்கு தள்ளினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். வால் வீசினால் என் வயதுக்குக் கை அவ்வளவு வேகமாகப் போவதில்லை. ஒரு குறை, கரடான சாலையில் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றப் பக்கமும் உதறுகிறது. இரண்டு பக்கத்தையும் கட்டிப்போட்டால் அப்படித்தான்.

இப்போது உன் மகன் விஷயம். அவன் வண்டி வேறு சாதி. ஸ்விஃப்ட் முன்சக்கர ஓட்டம், கனமெல்லாம் மூக்கில், தள்ளுவது அதன் பிறவிக் குணம். பின்பக்கத்தை இறுக்கினால் தள்ளல் குறையும் என்பது அவனுக்கு உண்மைதான். திருப்பத்தில் உள் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பினாலும் அது ஓட்டும் சக்கரம் இல்லை, இழுவை கெடாது. அந்த வகையில் என்னைவிட அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பின்னால் இரு சக்கரங்களையும் இணைத்திருக்கும் குறுக்கு உத்திரமே பாதி ஸ்டெபிலைசர் வேலையைச் செய்கிறது என்பதை மட்டும் அவன் கணக்கில் சேர்க்கட்டும். அவன் சனிக்கிழமைதோறும் போகும் இடம் வால்பாறை என்கிறாய். ஆழியாறிலிருந்து ஏற 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது எனக்குக் கவலையில்லை. இறங்கும்போது பாரம் முழுதும் முன்னால், பின்பக்கம் காற்றாடி. அந்த நேரம் மழையில், வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், தடிமனான கம்பி போட்ட வண்டி என் ரவுண்டானா வித்தையை அங்கே செய்துகாட்டும். அங்கே எதிரில் பஸ் நிற்காது, பள்ளம் இருக்கும். போடுவதென்றால் கிடைப்பதில் மெல்லியது, கை நீளமாகும்படி வெளிப்பக்கத் துளை. செட்டிபாளையம் கரி மோட்டார் பந்தயத் தளத்தில் ஒரு நாள் ஓட்டிப் பழகாமல் மலைக்கு எடுத்துப்போகக் கூடாது.

உன் பழைய மாருதி 800 நினைவிருக்கிறதா? பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது என்று இரண்டு நாள் பிரேக்கையே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஸ்டெபிலைசர் பார் புஷ். அந்த வண்டியில் சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கையை முன்பின் நகராமல் பிடித்திருப்பதும் அதே கம்பிதான் என்பது நமக்கு அன்றுதான் தெரிந்தது. அதை முதலில் கண்டுபிடித்தது நீ. முப்பது வருடமாக நான்தான் கண்டுபிடித்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன், அதையும் இந்தக் கடிதத்தோடு திருத்திக்கொள்.

டிசம்பரில் வருகிறோம், மூன்று வாரம். அதற்குமுன் ஒரு வேலை: உன் மகனிடம் ஒரு துணியைக் கொடுத்து, நான்கு டயரின் பக்கச் சுவரையும் துடைத்து அந்த நான்கு எண்களை எனக்கு எழுதி அனுப்பச் சொல். கம்பியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உன்
செல்வம்