ரகசிய சுவிட்ச் எந்த வயரில் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஊரில் ஒரு மோட்டார் சைக்கிள் களவு போனால் போதும், மறுநாளே கராஜுக்கு ஆட்கள் வந்து நிற்பார்கள், "அண்ணன், ஒரு ரகசிய சுவிட்ச் போட்டுத் தாங்க" என்று. கள்ளன் வண்டியை ஸ்டார்ட் பண்ண முடியாதபடி மறைத்து வைக்கிற அந்த சுவிட்சைப் போடத்தான் வேண்டும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியதோடு பழைய வண்டிகளின் விலைகூட எங்கேயோ போய்விட்டது, 2025இல் திரும்பத் திறந்துவிட்டும் கூலி வேலை செய்கிறவர் புது வண்டி எடுக்கிற நிலையில் இல்லை. மீன் ஏற்றவும் வயலுக்குப் போகவும் பிள்ளையை ரியூஷனுக்குக் கொண்டுபோய் விடவும் வீட்டில் இருப்பது அந்த ஒரு வண்டிதான். அதனால் வயரிங் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், சுவிட்ச் போடும்போது பக்கத்தில் நின்று எந்த வயரை வெட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

சிலர் செல்ஃப் ஸ்டார்ட்டுக்குப் போகிற வயரில் சுவிட்சை வைத்து அனுப்பிவிடுகிறார்கள். பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் வராது, சொந்தக்காரரும் சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டுப் போவார், ஆனால் கள்ளன் கிக்கரை ஒரு மிதி மிதித்துவிட்டுப் போய்விடுவான், கிக்கர் இல்லையென்றால் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவான். மோட்டார் சைக்கிளில் நிறுத்த வேண்டியது ஸ்பார்க்கை. ஸ்பார்க்கைக் கொடுக்கிற பெட்டிதான் சிடிஐ; பற்றரியிலிருந்து சிடிஐக்குக் கரண்ட் வருகிற வண்டியில் அந்த வயரை இடையில் வெட்டி சுவிட்ச் வைக்க வேண்டும். பழைய சில வண்டிகளில் இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்குகிற மெக்னட் கொயிலிலிருந்தே சிடிஐக்குக் கரண்ட் வரும், அவற்றில் நிறுத்துகிற வயரை எர்த் பண்ணினால்தான் இன்ஜின் நிற்கும். இரண்டும் நேர் எதிரான வேலை. வண்டியைச் சோதிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி போடுகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

காரில் வேறு. அங்கே ஸ்டார்ட்டர் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச்) வயரில் வைப்பதுதான் பயமில்லாதது, சுவிட்ச் பழுதானாலும் ஓடுகிற இன்ஜின் நிற்காது. பெற்றோல் பம்பை நிறுத்துகிற மாதிரியும் போடலாம், ஆனால் பம்ப் இழுக்கிற கரண்ட் முழுவதையும் சின்ன சுவிட்ச் வழியாக விட்டால் சூடாகி உருகும், ரிலே வைத்தே செய்ய வேண்டும். கல்லடிப் பாலத்தில் பின்னால் பஸ் வரும்போது அந்த பம்ப் சுவிட்ச் பழுதாகி இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் இறுகிவிடும், பிரேக்கும் ஓரிரு மிதிக்குப் பிறகு கல்லு மாதிரி ஆகிவிடும். அப்புறம், மஞ்சள் உறை போட்ட வயரில் யாரையும் கை வைக்க விடாதீர்கள், அது எயார்பேக்குக்குப் போவது.

இன்னொன்று மூட்டு. கையால் முறுக்கி டேப் சுற்றிய மூட்டு மாரி மழை ஒன்றைத் தாண்டாது, கடற்கரைப் பக்கத்து வண்டியில் டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்துப்போய் விரல் பட்டதும் உதிரும். சுவிட்ச் போட்ட பிறகு வண்டி நடுவழியில் நிற்கிறது என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்குகிற டியூப் போடச் சொல்லுங்கள். கூடுதலாகக் கேட்டால் கொடுங்கள், அது நியாயமான காசு.

சுவிட்ச் இருக்கிறது என்று சங்கிலியை விட்டுவிடவும் கூடாது, இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் வண்டியைத் தூக்கி லொறியில் ஏற்றிவிடலாம். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் லேண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர உழவு மெசின் வைத்திருக்கிற வயற்காரருக்கு இந்த சுவிட்சால் பிரயோசனமே இல்லை, கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற டீசல் இன்ஜினில் ஸ்பார்க் ஏது? வயல் வாடியில் (காவல் குடிசையில்) நல்ல மரத்தோடு சேர்த்துத் தடித்த சங்கிலி போடுங்கள். தேர்ட் பார்ட்டி காப்புறுதி மட்டும் எடுத்தவர்களுக்குக் களவுக்கு ஒரு சதமும் கிடைக்காது என்பதும் பலருக்குத் தெரியவில்லை. இன்ஜின் நம்பர், செசி நம்பர் இரண்டையும் வீட்டில் எழுதி வையுங்கள், 119க்கு அடித்துவிட்டு பொலிசுக்குப் போனால் முதலில் கேட்பார்கள்.

கராஜ் வைத்திருக்கிற தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற வண்டிக்கெல்லாம் சீற்றுக்குக் கீழேயே சுவிட்சை வைக்காதீர்கள், கள்ளன் முதலில் கை விடுவது அங்கேதான். வண்டிக்கு வண்டி இடத்தை மாற்றுங்கள், சொந்தக்காரர் இருந்தபடியே கை எட்டுகிற இடமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் அவர் நாலு நாளில் போடாமல் விட்டுவிடுவார். யாருடைய வண்டியில் எங்கே வைத்தீர்கள் என்று தேத்தண்ணிக் கடையில் இருந்து கதைக்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
வாகன வயரிங் தொழிலாளி,
களுவாஞ்சிகுடி.