‘டூ லாங்’னு சொன்ன வெள்ளைக்காரம்மா

மதுரை,
ஞாயித்துக்கிழமை ராத்திரி.

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி போன மாசத்துக்கு இப்ப தேவலை.

ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சையில அரை மார்க்குல போச்சுன்னு நீ போன்ல அழுததுலருந்து எனக்குக் கத்தரி பிடிக்கவே மனசு வரல. இங்கிலாந்துல நர்ஸா பதியணும்னா எழுத்துல 6.5 வேணும், நீ வாங்கினது 6. மத்த மூணுலயும் 7 வந்தும் இந்த ஒண்ணால நிக்குது. நீ வாட்ஸ்அப்புல அனுப்புன பயிற்சித் தாளை பிரிண்டு எடுத்து, கடைக்குச் சட்டை தைக்க வர்ற ரிட்டையர்டு இங்கிலீஷ் வாத்தியார்கிட்ட காட்டினேன். அங்கங்க சுழிச்சுக் குடுத்தார். பாதிச் சுழி ஒப்பிட்டு எழுதுற இடத்துலதான்.

எட்டாங்கிளாஸோட நின்ன அப்பா இங்கிலீஷ் சொல்லித்தர வந்துட்டாரேன்னு சிரிக்காத. மீனாட்சியம்மன் கோயில் எதிர்ல புதுமண்டபத்துல தூணுக்குத் தூண் மிஷின் போட்டு உக்காந்திருந்தப்ப வெள்ளைக்காரங்கதான் எங்களுக்கு வாத்தியார். பழைய சட்டை ஒண்ணைக் குடுத்து, இதே மாதிரி வேணும்னு சொல்லிட்டுக் கோயிலுக்குள்ள போவாங்க. திரும்பி வர்றதுக்குள்ள தச்சு வச்சிருப்போம். குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடை மாறின பிறகு அந்தக் கூட்டம் குறைஞ்சுபோச்சு.

அப்ப ஒரு அம்மாவுக்குப் பாவாடை தச்சேன். கட்டிப் பாத்துட்டு ‘டூ லாங்’னு சொல்லிச்சு. டூன்னா ரொம்பன்னு யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். ரொம்ப நீளமா, தாராளமாத் தச்சிருக்கேன்னு பாராட்டுதுன்னு நினைச்சு, ‘தேங்க்யூ மேடம்’னேன். அது ஒரு மாதிரி பாத்துட்டு, ரெண்டு எட்டு நடந்து, கரையை மிதிச்சுத் தடுமாறிக் காட்டிச்சு. அப்புறம் ரெண்டு விரலை நீட்டி ‘டூ இஞ்சஸ் டூ லாங்’னுச்சு. ரெண்டுங்கிற டூவும் இந்த டூவும் ஒண்ணா வந்து நின்னதும் நான் முழிச்ச முழி! பக்கத்துத் தூண் பாய்தான் சிரிச்சு முடிச்சுட்டு, “உதவாத நீளம்யா, பிரிச்சு மடி”ன்னார்.

இன்னொரு தடவை ஒரு பட்டுத் துணியை விரிச்சு ‘டூ சீப், மேடம்’னு கூவினேன். வாங்க வந்த அம்மா துணியைக் கீழ வச்சுட்டுப் போயிருச்சு. இவ்வளவு மலிவுன்னா ஏதோ கோளாறுன்னு நானே என் வாயால சொல்லியிருக்கேன்.

உன் தாள்லயும் அதே கதை. ஒரு ஊர்ல நர்ஸுங்க எண்ணிக்கை இன்னொரு ஊரைவிட ‘டூ ஹையர்’னு எழுதியிருக்க. நர்ஸு கூடுதலா இருந்தா யாருக்கு என்ன கெடுதல்? வாத்தியார் அதை அடிச்சு ‘மச் ஹையர்’னு போட்டார். வெறும் ரொம்பன்னா வெரி. ஒண்ணைவிட இன்னொண்ணு ரொம்பன்னா மச். அளவு தாண்டி, காரியம் கெட்டா மட்டும்தான் டூ. மயிலிறகா இருந்தாலும் அளவுக்கு மிஞ்சி ஏத்தினா அச்சு முறியும்னு பள்ளிக்கூடத்துல படிச்சியே, அந்த மிஞ்சினதுதான் டூ.

ஒண்ணு கவனிச்சேன், பாப்பா. ‘டூ வீக் டு வாக்’னு உங்க வார்டுல சொல்றதை நம்ம எப்படிச் சொல்லுவோம்? நடக்க முடியாத அளவுக்குச் சோர்வு. நம்ம பேச்சுல ‘முடியாத’ வெளிய தெரியுது. இங்கிலீஷ்ல ‘நாட்’ எங்கயுமே கிடையாது, டூவுக்குள்ள ஒளிஞ்சு கிடக்கு. நீ தமிழை நினைச்சுக்கிட்டு ஒரு ‘நாட்’டையும் சேத்து எழுதியிருக்க, அர்த்தமே தலைகீழாப் போச்சு. அதுக்கு எதிர்ப்பக்கம் ‘ஸ்ட்ராங் இனஃப் டு வாக்’. நடக்கிற அளவுக்குத் தெம்பு. ரெண்டுலயும் அளவுதான் பாரு. டேப்பு பிடிக்கிறவனுக்கு இது புரியாமலா போகும்?

இனஃப் எங்க வரும்னு எனக்குக் கடையிலயே பழகிருச்சு. துணி பத்துமான்னா ‘இனஃப் க்ளாத்’, முன்னால. நீளம் பத்துமான்னா ‘லாங் இனஃப்’, பின்னால. நீ ‘இனஃப் வார்ம்’னு எழுதியிருந்த தண்ணி ‘வார்ம் இனஃப்’ ஆகணும்.

மத்தது சில்லறைத் தப்பு. ‘மோர் பெட்டர்’ வேண்டாம், பெட்டர்லயே மோர் இருக்கு, ஒரே இடத்துல ரெண்டு தையல் எதுக்கு. ‘ஒன் ஆஃப் த பெஸ்ட்’னு ஆரம்பிச்சா ஹாஸ்பிட்டல்ஸ்னு பன்மையில முடி. ‘சீனியர் தேன் மீ’ கிடையாது, ‘சீனியர் டு மீ’. இதை மட்டும் ஏன்னு கேட்டேன், வாத்தியாரே சிரிச்சுட்டு மனப்பாடம் பண்ணச் சொல்லுன்னுட்டார்.

கிராஃப் கேள்விக்கு 20 நிமிஷம், 150 வார்த்தைன்னியே. நீ முதல் கட்டத்துலருந்து ஒவ்வொரு நம்பரா ஒப்பிச்சிருக்க. ஜூன் மாசம் யூனிஃபார்ம் அளவெடுக்கப் பிள்ளைங்க வரிசையா வந்து நிக்குமே, அப்ப நான் முதல்ல பாக்கிறது யாரு இருக்கிறதிலேயே உயரம், யாரு குட்டைன்னுதான். அப்புறம் யாரு யாரைவிட எவ்வளவு. ரெண்டு பேரு ஒரே அளவா இருந்தா அதையும் குறிச்சுக்குவேன். அந்தக் கட்டங்களையும் அப்படி நிக்க வச்சுப் பாரு. ஒண்ணு இன்னொண்ணுக்கு ரெண்டு மடங்குன்னா ‘ட்வைஸ் ஆஸ் ஹை ஆஸ்’. நம்ம எதைவிடங்கிறதை முதல்ல சொல்லிருவோம், இங்கிலீஷ்காரன் ‘தேன்’ போட்டுக் கடைசியிலதான் சொல்லுவான். எழுதுற அவசரத்துல அந்தக் கடைசித் துண்டு உனக்கு விட்டுப்போயிருது. நாலு இடத்துல எதைவிடன்னே இல்லை.

அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்டியாச்சு, அதை நினைச்சுக் குழப்பிக்காத. நைட் ட்யூட்டி முடிஞ்சு வந்து உடனே புத்தகத்தை எடுக்காத. தூங்கி எந்திரிச்சுப் படி.

நாளைக்குப் பஸ்ஸுல பார்சல் வரும். அம்மா முறுக்கும், நான் தச்ச நீலச் சுடிதாரும். உன் பழைய அளவுக்குத்தான் வெட்டினேன். ஹாஸ்டல் சாப்பாட்டுல இளைச்சுட்டன்னு அம்மா சொல்றா, நான் நம்பல. எதுக்கும் ரெண்டு பக்கமும் உள்ள ஒரு இஞ்சு துணி விட்டிருக்கேன். போட்டுப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு நாலு வரி இங்கிலீஷ்ல எழுதி அனுப்பு. டூன்னு எழுதியிருந்தா மறுவாரம் வந்து பிரிச்சுத் தச்சுத் தரேன். வெரின்னா நான் ஊசியைத் தொடமாட்டேன்.

அன்புடன்,
அப்பா