பொலிகிடாவின் மரபணுவையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். செம்மறியாடுகளின் மூளையைச் சிதைத்துக் கொல்லும் ஸ்கிரேப்பி நோய் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'பரம்பரை நோய்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டதைத்தான் ஏற்க முடியவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இந்நோய்க்கு எளிதில் ஆட்படும் மரபணு கொண்ட ஆடுகள் உண்டு. ஆனாலும் வழக்கமான ஸ்கிரேப்பி இன்று அங்கே இல்லை. பிரியான் என்னும் உருமாறிய புரதம் மந்தைக்குள் வந்தால்தானே நோய்? வந்த பிறகு எந்த ஆடு தாங்கும், எது விழும் என்பதில்தான் மரபணுவின் கை ஓங்குகிறது.

அதுவும் இனத்துக்கு இனம் மாறும். பிரியானாக உருமாறுவது ஆட்டின் உடலில் இயல்பாகவே உள்ள ஒரு புரதம்தான்; சஃபோக் ஆடுகளில் அந்தப் புரதச் சங்கிலியின் 171-ஆம் இடத்தில் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்பதே முக்கியம். அங்கே அர்ஜினைன் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கும். தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் குளுட்டமைன் வந்தால் ஆபத்து. செவியட் ஆடுகளிலோ 136-ஆம் இடத்தில் ஆபத்தைக் கூட்டும் வேலைன் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கட்டுரை தொடாமல் விட்டது நஞ்சுக்கொடியை. நோயுள்ள ஆடு குட்டி போடும்போது பட்டியில் விழும் நஞ்சுக்கொடிதான் நோயைப் பரப்பும் முக்கிய வழி. அதில் பிரியான் சேருமா என்பதைத் தீர்மானிப்பது குட்டியின் மரபணு. ஒரே ஈற்றில் பிறந்த இரட்டைக் குட்டிகளில் ஒன்றின் கொடியில் பிரியான் இருக்கலாம், இன்னொன்றில் இல்லாமல் போகலாம். அதாவது, எதிர்ப்புத்திறன் உள்ள பொலிகிடாவைச் சேர்த்தால் அதன் குட்டிகள் மட்டுமல்ல, பட்டியே ஓரளவு தப்பும். பிரிட்டன் 2001-இல் தொடங்கிய திட்டமும் கிடாக்களைத் தேர்ந்தெடுப்பதையே நம்பியது. 1998-இல் நார்வேயில் கண்டறியப்பட்ட வேறு வகை ஸ்கிரேப்பி மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. எதிர்ப்புத்திறன் உள்ளவை எனப்பட்ட ஆடுகளையும் அது தாக்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை மட்டன் கடை வரிசையில் நிற்பவர்கள் பதற வேண்டாம்; ஸ்கிரேப்பி மனிதருக்குத் தொற்றியதாகச் சான்று இல்லை. ஆனால் நமக்குச் சம்பந்தமே இல்லாத நோய் என்றும் சொல்லிவிட முடியாது. இமயமலை அடிவாரத்து ஆடுகளில் இது இருந்ததாக 1961-லேயே பதிவாகியிருக்கிறது. நம் நீலகிரி ஆட்டிலும் 19-ஆம் நூற்றாண்டில் செவியட், மெரினோ ரத்தம் கலந்தது.

எனவே வெளிநாட்டுக் கிடாவோ விந்தோ வாங்கும்போது, எடையும் ரோமமும் பார்ப்பதோடு இந்த மரபணுப் பரிசோதனையையும் கட்டாயமாக்கலாம். மேச்சேரி, சென்னை சிவப்பு போன்ற நம் இனங்களில் எந்த மரபணு வகை எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கணக்கெடுத்துக்கொள்வது நல்லது. அப்புறம்தான் ஆபத்தான வகை ஆடுகளைக் கழிப்பதைப் பற்றிப் பேச வேண்டும். எடுத்த எடுப்பில் ஒரே வகைக் கிடாக்களை மட்டும் நிறுத்தினால் வெயில் தாங்கும் குணம் போன்ற வேறு நல்லவையும் சேர்ந்து போய்விடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
மாதவரம், சென்னை.