காவலருக்கு முன்பே காத்தவை

ஆசிரியருக்கு,

யூத வெறுப்புத் தாக்குதல் என்றால் ஆயுதக் காவல்தான் பேசப்படுகிறது. உயிர் காத்தவை எளிய ஏற்பாடுகள். ஜெர்மனியின் ஹாலே நகரில், 2019இல் யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூர் அன்று, பூட்டிய கதவு துப்பாக்கிதாரியை யூத ஜெப ஆலயத்துக்குள் விடவில்லை. வெளியே இருவர் பலியானது பெருந்துயரம். 2018இல் 11 பேர் கொல்லப்பட்ட அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில், பயிற்சியில் சொன்னபடி ரபி (யூத மதகுரு), கைபேசியைத் தவிர்க்கும் ஓய்வுநாளிலும் அதை வைத்திருந்ததால் காவல்துறையை அழைக்க முடிந்தது.

டெக்சஸின் கோலிவில் ஜெப ஆலயத்தில், 2022 ஜனவரியில், குளிருக்கு ஒதுங்கியவர் என்று நம்பித் தேநீர் கொடுக்கப்பட்டவரே துப்பாக்கியை எடுத்து நால்வரைப் பிணைக்கைதிகளாக்கினார்; பின்னர் ஒருவரை விடுவித்தார். பல மணி நேரத்துக்குப் பின் ரபி அவர்மீது நாற்காலியை எறிய, ரபி உட்பட மீதமிருந்த மூவரும் தப்பினர். அதுவும் பயிற்சியின் பலனே.

கேமராவை ஒருமுறை வாங்கினால் போதும். வாசலில் நிற்கும் தன்னார்வலர்களோ மாறிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கான பயிற்சிக்கு அரசுகள் ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும்.