தரையில் பிறக்கும் மூடுபனி

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்கழி விடியலில் காஞ்சிபுரம், வேலூர் வழி நெடுஞ்சாலையை மறைக்கும் மூடுபனி வானிலிருந்து இறங்குவதாகவே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது தரையில்தான் பிறக்கிறது. மேகமற்ற, காற்றடங்கிய இரவில் நிலம் தன் வெப்பத்தை இழந்து குளிர, அதைத் தொட்டிருக்கும் ஈரக்காற்றும் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகி மிதக்கிறது. ஏரிக்கரையிலும் நீர் பாய்ச்சிய வயலோரத்திலும் அடர்த்தி இன்னும் அதிகம். ஒரு நாள் பாலாற்றங்கரையில் தென்னையின் தலை தெளிவாகத் தெரிந்தது, அடிமரத்தைக் காணோம்.

பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் குறைந்தாலே அது மூடுபனி. அப்போது முகப்பு விளக்கை உயர்த்திப் போட்டால் துளிகள் அந்த ஒளியை ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பிவிடும். தாழ்த்திப் போடுவதே பாதுகாப்பு. ஏரியோரத் தாழ்வான சாலைகளில் எச்சரிக்கைப் பலகைகளும் ஒளிரும் பட்டைகளும் அமைக்குமாறு உரியவர்களை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், வாலாஜாபேட்டை