மல்லிகையில் இருப்பதும் கேனில் வருவதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோப்பு, தைல அட்டைகளில் அச்சிடப்படும் வேதிப்பொருள்கள் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கோவை கணபதியில், உலோகப் பொருள்கள் மேல் வண்ணத் தூளைத் தெளித்துச் சூட்டில் உருக்கிப் பூசும் பவுடர் கோட்டிங் பட்டறை நடத்தி வருபவன் என்ற முறையில் இரண்டு முறை படித்தேன். அழகுப் பொருள், ஊசி மருந்து, பூச்சு உரிக்கும் திரவம் என்று பலவற்றில் சேரும் பென்சைல் ஆல்கஹாலைப் பற்றி, "ஆல்கஹால் என்பதால் தோலை வறட்டிவிடும்" என்று ஒரு வரியிலும், "மல்லிகையிலேயே இருப்பதால் அஞ்ச வேண்டியதில்லை" என்று அடுத்த வரியிலும் அதில் எழுதப்பட்டிருந்தது. முதல் வரி பிழையானது. இரண்டாவது வரி பாதி உண்மை என்பதால்தான் அதிகம் கவலைப்பட வைக்கிறது.

ஆல்கஹால் என்பது வேதியியலில் ஒரு குடும்பப் பெயர். சாராயத்தில் உள்ள எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. உள்ளங்கையில் விட்டால் சில்லென்று பறந்துவிடும். ஆறு கார்பன் அணுக்கள் வளையமாகச் சேர்ந்த பென்சீன் வளையத்தோடு இணைந்த பென்சைல் ஆல்கஹால் கொதிப்பதற்கு 205 டிகிரி வேண்டும். நிறமில்லாமல், சற்று எண்ணெய்ப் பதத்தில், மெல்லிய மணத்தோடு இருக்கும் இந்தத் திரவம் கையில் பட்டால் பறக்காது, அங்கேயே நிற்கும். தண்ணீரிலும் 100 மில்லிக்கு ஏறத்தாழ 4 கிராம்தான் கரையும். மூடி சரியாக இல்லாத கேனில் மாதக்கணக்கில் கிடந்தால் காற்றோடு சேர்ந்து பென்சால்டிஹைடாக மாறத் தொடங்கி, வாதுமைக்கொட்டை வாசம் அடிக்கும். பழைய சரக்கு என்று எங்கள் பட்டறையில் மூக்கை வைத்தே சொல்லிவிடுவார்கள்; அப்படி முகர்ந்து பார்ப்பது நல்ல பழக்கம் அல்ல என்பது வேறு விஷயம்.

சத்தியமங்கலம் மல்லிகையின் மணத்தில் இதற்கும் பங்கு உண்டு என்பது உண்மையே. ஆனால் ஒரு முழம் பூவில் இருப்பது அணுவளவு. பூச்சு உரிக்க என் பட்டறையில் வந்து இறங்குவது கேன் கேனாக. அழகுப் பொருள்களில் கெடாமல் காக்கும் பொருளாகச் சேர்க்கும்போது ஐரோப்பிய ஒன்றியம் 1 சதவீதத்தை உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. சிலருக்கு இது ஒவ்வாமை தரக்கூடும் என்பதால், தடவிக் கழுவாமல் விடும் பொருளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே பெயரை அட்டையில் அச்சிட வேண்டும் என்பதும் அங்குள்ள விதி.

கட்டுரை தொடாமல் விட்டது ஊசி மருந்தை. நம்மூர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் டைக்ளோஃபெனாக் வலி ஊசிகள் பலவற்றின் அட்டையில் பென்சைல் ஆல்கஹால் என்று சிறிய எழுத்தில் இருக்கும். பெரியவர்களின் உடலில் இது பென்சாயிக் அமிலமாகி, பிறகு கல்லீரலில் ஹிப்யூரிக் அமிலமாக மாறிச் சிறுநீரோடு போய்விடும். குறைமாதத்தில் பிறந்த சிசுவின் கல்லீரலுக்கு அந்தத் திறன் போதாது. அமெரிக்காவில் இரண்டு மருத்துவ மையங்களில், சிசுக்களுக்குப் பொருத்திய குழாய்களைக் கழுவுவதற்கு 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால் கலந்த உப்புநீரைப் பயன்படுத்தியதில், அமிலம் இரத்தத்தில் தேங்கி, மூச்சுத் திணறி 16 சிசுக்கள் இறந்ததாக 1982-இல் அறிவிக்கப்பட்டு, பிறந்த குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கை மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டது. கழுவுகிற தண்ணீரில் இருந்த துளி இது. "மல்லிகையில் இருக்கிறது" என்ற சமாதானம் அந்தத் தொட்டில்களுக்குப் பொருந்துமா என்று கட்டுரையாளர் யோசித்திருக்க வேண்டும்.

என் தொழிலுக்கு வருகிறேன். பவுடர் கோட்டிங்கில் பொருளைத் தொங்கவிடும் கொக்கிகளில் பூச்சு அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகும். அதை உரித்தால்தான் கொக்கி மறுபடி உதவும். முன்பு எம்டிசி என்று நாங்கள் சொல்லும் மெத்திலீன் குளோரைடில் ஊறப்போடுவோம். இருபதே நிமிடத்தில் பூச்சு கொப்பளித்து உரிந்துவிடும். அது 40 டிகிரியில் கொதிப்பது. ஆவி காற்றைவிடக் கனமாகத் தொட்டிக்குள்ளேயே படிந்து நிற்கும். உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாகவும் மாறும். தொட்டிக்குள் விழுந்த கொக்கியை எடுக்கக் குனிந்த பையன் ஒருவன் அப்படியே சரிந்ததையும், இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்ததையும் பார்த்த பிறகுதான் நான் பென்சைல் ஆல்கஹால் கலந்த ரிமூவருக்கு, அதாவது பூச்சு உரிக்கும் திரவத்துக்கு, மாறினேன். அது வேலை முடிக்க அரை நாள் எடுக்கிறது, விலையும் கூடுதல். எனினும் அந்த மாற்றத்துக்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.

அதற்காக இது சாதுவான சரக்கு என்று சொல்ல மாட்டேன். முதல் வாரத்திலேயே, வெறுங்கையால் கொக்கிகளைத் துழாவிக்கொண்டிருந்தவர், "ஏனுங்ண்ணா, வெரலெல்லாம் மரத்துப்போச்சுங்க, சூடு கூடத் தெரியலீங்" என்று கையை நீட்டினார். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. பென்சைல் ஆல்கஹாலுக்கு லேசாக மரத்துப்போகச் செய்யும் குணம் உண்டு. ஊசி மருந்தில் சேர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பட்டறையில் அதே குணம், கையில் பட்ட எரிச்சலை மறைத்துவிடுகிறது. மெல்லிய நைட்ரைல் கையுறை இதில் விரைவில் ஊறிப்போகும், பியூட்டைல் ரப்பர் கையுறைதான் நின்று தாங்கும். கண்ணில் தெறித்தால் கடுமையாக எரியும்; ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். அறை வெப்பத்தில் எளிதில் தீப்பற்றாது என்றாலும், சுமார் 100 டிகிரியை நெருங்கும்போது அதன் ஆவி தீப்பிடிக்கும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தொட்டியை அடுப்பில் ஏற்றுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

வடித்த கழிவைச் சாக்கடையில் கவிழ்த்தால் அது சங்கனூர்ப் பள்ளம் வழியாக நொய்யலுக்குத்தான் போகும். திரவம் மட்டுமென்றால் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். அதில் கரைந்திருக்கும் பூச்சும் நிறமிகளும் அப்படிப் போவதில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது தெரியும், ஆனாலும் சாக்கடையில் கவிழ்க்காமல் எல்லோரும் இருப்பதில்லை.

எனக்குள்ள பெரிய குறை கேன்களைப் பற்றியது. சிறு பட்டறைகளுக்குச் சில்லறையாக வரும் ரிமூவர், பெயரில்லாத வெள்ளைக் கேனில், மேலே மார்க்கரில் "ஆர்" என்று ஓர் எழுத்தோடு வருகிறது. உள்ளிருக்கும் பொருளையும் அதன் ஆபத்தையும் விவரிக்கும் பாதுகாப்புத் தாளைக் கேட்டால், "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானுங்" என்று பதில் வருகிறது. உள்ளே இருப்பது எம்டிசியா, பென்சைல் ஆல்கஹாலா, இரண்டும் கலந்ததா என்று பார்வையை வைத்துச் சொல்ல முடியாது. ஒன்றுக்குக் காற்றோட்டம் முக்கியம், மற்றொன்றுக்குக் கையுறை முக்கியம். எது என்று தெரியாதவர் எதைப் பார்த்துக்கொள்வார்? கடந்த மாதம் அதே சரக்கைப் பக்கத்துப் பட்டறையில் ஒருவர் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஜன்னலோரம் வைத்திருந்தார். நான் போய்ச் சொன்ன பிறகுதான் எடுத்து வைத்தார்.

ஆகவே அடுத்த இதழில், சிசுக்களைப் பற்றிய அந்தத் திருத்தத்தையாவது சிறு பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறேன். இடமிருந்தால், கேனின் மேல் உள்ளிருக்கும் பொருளின் பெயரைத் தமிழில் எழுதி அனுப்புமாறு விற்பனையாளர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பவுடர் கோட்டிங் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.