செவ்வாய்க்கிழமை ஒன்றை ஒதுக்கி வை, மகளே

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு பேசும்போது, "வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் அம்மா வாய் திறந்து பேசுகிறேன்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டிலிருந்தே வேலை, கதவடிக்கு வரும் சாப்பாடு, வெளியே ரொறன்ரோவின் முழங்கால் அளவு பனி. ஒரு மனிதரின் முகத்தையும் பார்க்காமல் ஒரு கிழமையை ஓட்டிவிட முடிகிறதே, அதை வசதி என்று நீ நினைக்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. தொலைபேசியில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று அடுத்த கதைக்குப் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன்.

அப்பா காலமான பிறகு நான் எப்படி எழும்பி நடமாடத் தொடங்கினேன் என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய். கோயில் என்று சொல்லிவிடுவேன். அது பாதிதான் உண்மை. மற்றப் பாதி, இங்கே லண்டனில் டிரஃபல்கர் சதுக்கத்தின் மூலையில் இருக்கும் சென்ற் மார்ட்டின் தேவாலயம். முதலில் என்னை அங்கே கூட்டிப்போனது எதிர்வீட்டு மாமிதான். மதியம் ஒரு மணிக்கு அங்கே இசை நிகழ்ச்சி நடக்கும், டிக்கெட் இல்லை, விரும்பினால் காசு போடலாம், வந்து கொஞ்சநேரம் இரு என்றார்.

வாசல் தூண்களுக்குக் கீழே ஒரு கல் இருக்கிறது. பெரிய சதுரக் கல். அதன் மேற்பரப்பிலிருந்து, அப்போதுதான் பிறந்த ஒரு குழந்தை பாதி வெளிவந்த மாதிரிக் கிடக்கும். தொப்புள்கொடிகூட அறுபடவில்லை. மைக் சப்மன் என்ற சிற்பி இரண்டாயிரமாம் ஆண்டு பிறப்பதையொட்டிச் செதுக்கியது. கல்லின் நான்கு பக்கமும் யோவான் எழுதிய சுவிசேஷத்தின் வரி ஓடுகிறது. நான் சைவக்காரி. ஆனாலும் அந்தக் குழந்தையைப் பார்க்காமல் உள்ளே போனதில்லை. சன சந்தடி மிகுந்த அந்தச் சதுக்கத்தில், மெத்தென்ற ஒரு துணிகூட இல்லாமல் கல்லில் கிடக்கும் அந்தப் பிள்ளையைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் நெஞ்சு இளகுகிறது.

உள்ளே கிழக்குப் பக்க யன்னலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பழைய கண்ணாடி இரண்டாம் உலகப் போரில் உடைந்துபோனதாம். 2008இல் புதிதாக வைத்திருக்கிறார்கள். செய்தவர் ஈரானில் பிறந்த ஷிராசே ஹூஷியாரி. நிறக் கண்ணாடி இல்லை, புனிதர்களின் உருவம் இல்லை. நிறமற்ற கண்ணாடியில் நேராக ஓடிவரும் கறுப்புக் கோடுகள் நடுவிலே சற்றுச் சரிந்த ஒரு முட்டை வடிவத்தைச் சுற்றி வளைந்துபோகின்றன. சிலுவை என்று பார்த்தால் சிலுவை, குளத்தில் கல் விழுந்த அலை என்று பார்த்தால் அலை. ஈரானில் பிறந்த பெண்ணொருவர் ஆங்கிலத் தேவாலயத்துக்குச் செய்த யன்னலின் முன்னால் யாழ்ப்பாணத்துக்காரி ஒருத்தி உட்கார்ந்து வயலின் கேட்கிறேன். இதற்கு எவரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை.

வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் இளம் பிள்ளைகள், இசைக் கல்லூரிகளில் படிக்கிறவர்கள். மர வாங்குகளில் யார் யார் இருப்பார்கள் என்கிறாய்? கழுத்தில் அட்டை தொங்க, அலுவலகத்திலிருந்து ஓடிவந்தவர்கள். ஊர் பார்க்க வந்தவர்கள். என் வயதுக்காரர்கள். முதல்நாள் இரவைக் கடைவாசலில் கழித்துவிட்டு வந்தவர்களும் இருப்பார்கள். ஒருநாள் எனக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் மூன்று பெரிய பைகளைக் காலடியில் அடுக்கி வைத்துவிட்டு, வாசிப்புத் தொடங்கும் முன்பே கண்ணயர்ந்துவிட்டார். நிகழ்ச்சித் தாள் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. முன்வரிசையில் இருந்த கோட்டுப் போட்ட பெண் திரும்பி, அதை எடுத்து, அவர் பையின் மேல் மெல்ல வைத்துவிட்டு மறுபடி மேடையைப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது. அந்த இடத்தின் குணம் முழுவதும் எனக்கு அதில் தெரிந்தது.

கீழே நிலவறை. நீ சின்னவளாக இருந்தபோது அங்கே கூட்டிப்போயிருக்கிறேன், நினைவிருக்கிறதா? பித்தளைத் தகட்டின் மேல் கறுப்புத் தாளை வைத்துப் பொன்நிற மெழுகுக் கட்டியால் தேய்த்துத் தேய்த்து ஒரு போர்வீரனை எடுத்தாய். வாளின் நுனி வரவில்லை என்று அழுதாய். இப்போது நான் அங்கே தேநீர் குடிக்கிறேன். செங்கல் வளைவுகள், தரை முழுவதும் பழைய கல்லறைக் கற்கள். செத்தவர்களின் பெயரை மிதித்துக்கொண்டு போய்த் தேநீர் குடிப்பதா என்று முதலில் கூசியது. பிறகு, அந்த நிலவறையின் கதையைத் தெரிந்துகொண்டபின் கூச்சம் போய்விட்டது.

இப்போதுள்ள கட்டடம் ஜேம்ஸ் கிப்ஸ் வரைந்து 1726இல் கட்டி முடிந்தது. ஆனால் அது இன்றைய சென்ற் மார்ட்டின் ஆனது 1914இல் டிக் ஷெப்பர்ட் என்ற குரு வந்த பிறகுதான். முதல் உலகப் போர் நேரம். சாரிங் குரொஸ் ரயில் நிலையம் கூப்பிடு தூரம். பிரான்சுப் போர்முனைக்குப் போகிற பையன்கள் அங்கேதான் ரயில் ஏறுவார்கள். அவர்களுக்கு இருக்க, படுக்க, ஏதும் குடிக்க இந்த நிலவறையைத் திறந்துவிட்டார். எப்போதும் திறந்திருக்கும் கதவு வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். அடுத்த போரில் குண்டுக்குப் பயந்து சனங்கள் இதே நிலவறையில் ஒதுங்கினார்கள். வீடற்றவர்களுக்காக உழைக்கும் ஷெல்ட்டர் அமைப்பை 1966 டிசம்பரில் இங்கேதான் தொடக்கி வைத்தார்கள். பி.பி.சி. வானொலியில் முதல்முதலாகத் தேவாலய ஆராதனை ஒலிபரப்பானது 1924இல் இங்கிருந்துதான். உலகம் முழுவதும் பெயர் பெற்ற அக்கடமி இசைக்குழு தன் முதல் கச்சேரியை 1959இல் வாசித்ததும் இங்கேதான்.

பாட்டு ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம் என்று அங்கே பிரித்து வைக்கவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் அகதி விண்ணப்பம் செய்துவிட்டுக் கையில் காசில்லாமல் நிற்கிறவர்களுக்குச் சாப்பாடு, குளிக்க இடம், மாற்றுத் துணி. எண்பதுகளில் நாங்கள் வந்திறங்கியபோது அந்தக் காத்திருப்பு எப்படி இருந்தது என்று அப்பா உனக்குச் சொன்னதேயில்லை. நான் சொல்கிறேன். பசியைத் தாங்கலாம். தபால்காரர் வரும் நேரத்தைத் தவிர ஒரு நாளில் வேறு நேரமே இல்லாமல் போவதைத்தான் தாங்க முடியாது. அப்படிக் காத்திருக்கிற ஒருவருக்குச் சாப்பாட்டோடு சேர்த்துக் கேட்க ஒரு பாட்டும், உட்கார ஒரு வாங்கும், "போன கிழமை உங்களைக் காணவில்லையே" என்று கேட்க ஒரு ஆளும் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் "காணவில்லையே" என்ற வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதமே.

எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள சின்னத் தேவாலய மண்டபத்தில் புதன்கிழமைகளில் ஒரு பாட்டுக் குழு கூடுகிறது என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? அதற்கு நான் போகத் தொடங்கியது எங்கள் மருத்துவரின் பேச்சைக் கேட்டு. இங்கே 2019 முதல் நாடு முழுவதும் மருத்துவ நிலையங்களில் இதற்கென்றே ஆட்களை வைத்திருக்கிறார்கள். தனிமையில் வாடுகிறவர்களை மாத்திரையோடு மட்டும் அனுப்பாமல் பாட்டுக்கும் தோட்ட வேலைக்கும் நடைக்கும் கைகாட்டி விடுவார்கள். அங்கே ஒரு பெரியவர் வருகிறார். பக்கவாதம் வந்து பேச்சு அறவே குழம்பிவிட்டது. தேநீர் வேண்டுமா என்றால் "ஆம்" என்பதற்கே திணறுவார். ஆனால் பாட்டுத் தொடங்கினால் சொற்கள் ஒவ்வொன்றும் முழுதாக வரும். முதல்நாள் அதைக் கண்டபோது அவருடைய மனைவியின் முகத்தைத்தான் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் அந்த அம்மா அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

உனக்கு ஆதாரம் வேண்டும் என்பது தெரியும். 2015இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் பாட்டு வகுப்புக்குப் போனவர்களையும், கைவேலை, எழுத்து வகுப்புகளுக்குப் போனவர்களையும் மாதக்கணக்காகக் கவனித்து எழுதினார்கள். பாடியவர்கள் ஒருவரோடொருவர் விரைவாக நெருங்கினார்கள். ஏழு மாதம் போனபோது மற்ற வகுப்புக்காரர்களும் அதே அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். எனக்கு இதிலே பிடித்தது பின்பாதிதான். பாட்டு வராதா, பின்னு. பின்னத் தெரியாதா, எழுது. கிழமை தவறாமல் போவதுதான் முக்கியம். ஒன்று மட்டும் கேள்: தூக்கமும் பசியும் போய்விட்டதென்றால் அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். பாட்டுக் குழுவை மருந்துக்குப் பதிலாக நான் சொல்லவில்லை.

"சைவப் பிள்ளையைத் தேவாலயத்துக்குப் போகச் சொல்கிறாயா" என்று உன் பெரியம்மா கேட்பார். கேட்கட்டும். எங்கள் ஊரில் கோயில் என்றால் சாமி கும்பிடும் இடம் மட்டுமா? தவில் கேட்கப் போனோம், கூத்துப் பார்க்கப் போனோம், மடத்தில் அன்னதானம் சாப்பிட்டோம், பூமாலை கட்டினோம். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் யார் வந்தார், யார் வரவில்லை என்று தெருவுக்கே தெரியும். உங்கள் ஊர்க் கோயிலுக்குப் போனால் "கல்யாணம் எப்போது" என்று கேட்கிறார்கள், அதனால் போவதில்லை என்கிறாய். அது நியாயம். அப்படியானால் அந்தக் கேள்வி இல்லாத இடத்துக்குப் போ. மதம் மாறச் சொல்லி யாரும் நெருக்கினால் வணக்கம் சொல்லிவிட்டு எழும்பி வா. என்னை இதுவரை ஒருவரும் நெருக்கவில்லை.

உன் நகரத்திலேயே அப்படி ஓர் இடம் இருக்கிறது. போன முறை வந்தபோது ஈட்டன் சென்டர் கடைத்தொகுதியில் உனக்குக் குளிர்ச் சப்பாத்து வாங்கினோமே, அதன் முதுகுப்புறத்தில் உள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயம். நீ கடையில் நிற்கும்போது நான் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். 1847இல் திறந்தது. தேவாலயங்களில் வாங்குகளைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்ட காலம் அது. இங்கிலாந்தைச் சேர்ந்த மேரி லம்பேர்ட் ஸ்வேல் என்ற பெண் கொடுத்த பணத்தில் கட்டினார்கள். இருக்கைகள் என்றென்றும் எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடைத்தொகுதி கட்ட வந்தபோது இடித்துத் தள்ளப் பார்த்தார்கள். சபையார் விட்டுக்கொடுக்கவில்லை.

அதன் வெளியே பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. ரொறன்ரோவில் வீடில்லாமல் இறந்தவர்களின் பெயர்கள். மாதத்தின் இரண்டாம் செவ்வாய், நண்பகலில், ஆட்கள் கூடி நின்று அந்த மாதம் சேர்ந்த பெயர்களை வாசிக்கிறார்கள். யாரென்றே தெரியாமல் போனவர்களுக்கும் "ஜோன் டோ" என்று ஒரு வரி உண்டு. சென்ற் மார்ட்டினிலும் நவம்பரில் இதே மாதிரி ஓர் ஆராதனை நடக்கும். வீடில்லாமல் வாழ்ந்தவர்களின் பாட்டுக் குழு அங்கே வந்து பாடும். பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். நான் போயிருக்கிறேன். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையில் அவசரமே இல்லை. இருந்தபோது தேடாதவர்களை இறந்த பிறகாவது தேடுகிறார்களே என்று அன்று அழுதேன். இருக்கிறவர்களையும் அப்படித் தேட வேண்டும். அதில் நீயும் அடக்கம், பிள்ளை.

வருகிற மாதம் இரண்டாம் செவ்வாய் மதியத்தில் கூட்டம் எதையும் போடாதே. அங்கே போய் நில். பேச வேண்டியதில்லை, பெயர்களைக் கேட்டால் போதும். முடிந்ததும் உடனே ஓடிவராமல், கோப்பை கழுவவோ கதிரை மடிக்கவோ ஆள் வேண்டுமா என்று கேள். வேண்டும் என்பார்கள், எந்த மண்டபத்திலும் அதற்கு ஆள் போதாது. கைவேலை நடக்கிற இடத்தில்தான் பேச்சுத் தானாகத் தொடங்கும். அடுத்தது என்ன நடக்கிறது, எந்தக் கிழமை என்று விசாரி. அந்த இடம் மனதுக்கு ஒட்டவில்லை என்றால் வேறொன்று பார். ஆனால் ஒரே தடவையில் முடிவு கட்டாதே. முதல் மாதம் முழுவதும் எனக்கு அந்நியமாகத்தான் இருந்தது.

மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பொதி கட்டி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை அனுப்புகிறேன். குளிர்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போ. போய் வந்த அன்று, இங்கே எத்தனை மணியானாலும் பரவாயில்லை, என்னை எழுப்பிச் சொல்லு.

அன்புடன்,
அம்மா